பட்டறைச் சுவரில் ஒரு தாலிப்பெட்டி

போன மாதம் தர்ஷினி போன் செய்தாள். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்ற விசாரிப்பெல்லாம் இல்லை. எடுத்த எடுப்பில், "அக்கா, அந்தப் பெட்டி உங்ககிட்டதானே இருக்கு?" என்றாள்.

எந்தப் பெட்டி என்று நான் கேட்கவில்லை. பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரே ஒரு பெட்டிதான். சாமி மேடைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

"இருக்கு. எதுக்குடி?"

"நேர்ல வந்து சொல்றேன்க்கா. அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு பண்ணணும். அந்தப் பெட்டி கதைய எழுதிக் குடுங்க. புதுசா பயிற்சிக்கு வந்திருக்கிற பிள்ளைங்களுக்கு நான் வாயால சொன்னா சிரிக்கிறாங்க லா."

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பேசச் சொன்னால் பேசுவேன். "உனக்கு ரிட்டயர் ஆனது கைதான், வாய் இன்னும் சர்வீஸ்லதான் இருக்கு" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருந்தாலும் கேட்டது தர்ஷினி. அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

கோல சிலாங்கூருக்கும் ஈஜோக்குக்கும் நடுவில், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டைத் தாண்டி, ஒரு பல்கலைக்கழகத்தின் ஓவிய சிற்பப் பிரிவு இருக்கிறது. அங்கேதான் நான் வேலை பார்த்தேன். பிள்ளைகள் மரத்தில் செதுக்குவார்கள், களிமண்ணில் பிசைவார்கள், செம்பைத் தட்டுவார்கள், அச்சு எடுப்பார்கள். அவர்கள் பயன்படுத்துகிற மெஷின்களைப் பார்த்துக்கொள்வதும், அவர்கள் விரல் எல்லாம் விரலாகவே வீடு போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. பள்ளி முடித்து, ரவாங்கில் ஒரு தொழிற்பள்ளியில் தச்சு வேலை படித்தேன். அந்த வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அதைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும், விட்டுவிடுகிறேன்.

பட்டறைக்குத் தலைவர் என்சிக் ரஷீத். என்சிக் என்றால் மலாயில் ஐயா மாதிரி. மலாய்க்காரர். ஆனால் தமிழ் பேசுவதைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு நம்மாள் என்று சொல்லிவிடலாம். கெர்லிங் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பிறந்தவர். அவருடைய அப்பா அங்கே லோரி ஓட்டினார். லயத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு பந்து உதைத்து வளர்ந்ததால் எல்லாத் தமிழ்ப் பெண்களும் அவருக்குத் தங்கச்சிதான்.

அவருடைய பட்டறையில் யாரும் கத்தக்கூடாது. இது முதல் சட்டம். தீப்பிடித்தால்கூடக் கத்தக்கூடாது என்பார். மெஷினில் கை வைத்திருப்பவன் காதில் திடீரென்று ஒரு சத்தம் விழுந்தால் அவன் தலை திரும்பும், தலை திரும்பினால் கை நகரும். அதனால் நிறுத்தச் சொல்ல வேண்டுமென்றால், அவர்கள் பார்வையில் படுகிற மாதிரி நின்று உள்ளங்கையை விரித்து உயர்த்த வேண்டும். அவ்வளவுதான். வந்த புதிதில் எனக்கு இது பெரிய சோதனையாக இருந்தது. எங்கள் வீட்டில் உப்பு எங்கே என்று கேட்பதற்கே கத்துவோம்.

இரண்டாவது சட்டம், மஞ்சள் கோடு. சுற்றுகிற மெஷின் ஒவ்வொன்றையும் சுற்றித் தரையில் மஞ்சள் சாயத்தில் கட்டம் போட்டிருப்பார். அதற்குள் போகிறவர் உடம்பில் தொங்குவது, ஆடுவது, சுற்றியிருப்பது எதுவும் இருக்கக்கூடாது. மோதிரம், கடிகாரம், வளையல், சங்கிலி, துப்பட்டா, பின்னாத கூந்தல், எதுவும். சுற்றுகிற இரும்புக்கு ஒரு நூல் கிடைத்தால் போதும், ஆளையே இழுத்துக்கொள்ளும்.

நான் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் வாசனைகூடப் போகவில்லை. முதல் நாள் காலையில் எல்லாரையும் நிற்கவைத்துக் கை, மணிக்கட்டு, முடி, கழுத்து என்று பார்த்துக்கொண்டே வந்தவர் என் கழுத்துக்கு வந்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டார். "தங்கச்சி, நீ களிமண் ரூமுக்குப் போ" என்றார்.

களிமண் ரூமில் மெஷின் கிடையாது. தரையைத் துடைப்பதுதான் வேலை. அதுவும் துடைப்பத்தால் கூட்டக்கூடாது, காய்ந்த மண் தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிடும், ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். ஒரு வாரம் துடைத்தேன். எனக்குப் பின்னால் வந்த பையன் மரத்தைச் சுழற்றிச் சீவுகிற கடைசல் மெஷினில் நிற்கிறான், மரம் தோல் சுருளாய்ச் சுருண்டு விழுகிறது, நான் வாளியும் கையுமாக நிற்கிறேன். பொறுக்குமா? நேராகப் போய், "பொம்பளைன்னுதானே என்னைய மண்ணுக்கு அனுப்பினீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கையிலிருந்த உளியை மேசை மேல் வைத்தார். எதைப் பேசுவதற்கு முன்னாலும் கையிலிருப்பதைக் கீழே வைப்பது அவர் பழக்கம்.

"தங்கச்சி, நான் பக்கத்து வீட்டு முனியம்மாக்கா கையால சோறு தின்னு வளந்தவன். அந்தக் கயிறு என்னான்னு எனக்குத் தெரியும். அதக் கழட்டுன்னு என் வாயால சொல்ல மாட்டேன். ஆனா அதோட உள்ள விடவும் மாட்டேன். நீயே யோசிச்சு சொல்லு. அதுவரைக்கும் களிமண்ணு."

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு களிமண் ரூமுக்கே திரும்பினேன். அன்று வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் என் மாமியார் தலையில் கையை வைத்துக்கொண்டார். "தாலியக் கழட்டிட்டுச் செய்யிற வேலையும் ஒரு வேலையா? எம்மவன் தலைக்கு ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது?" என் வீட்டுக்காரர் செம்பனை லோரி ஓட்டுகிறவர், மெஷின் என்றால் என்னவென்று தெரிந்தவர். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "கயிறு இருக்கணும்னா மொதல்ல கழுத்து இருக்கணும்லம்மா" என்றார். மாமியார் விருட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் கழற்றினேன். கழற்றிய பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. எங்கே வைப்பது? சட்டைப் பையிலா, ஆணிகளோடு டூல் பெட்டியிலா? உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு மஞ்சள் கோட்டுக்கு வெளியே அசடு மாதிரி நின்றேன்.

என்சிக் ரஷீத் அலமாரியைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். மெராந்திப் பலகை. மூலை எல்லாம் ஆணி இல்லாமல் கோர்த்திருந்தது. உள்ளே ஒரு பித்தளைக் கொக்கி. நான் களிமண் துடைத்த அந்த வாரத்தில் செய்திருக்கிறார்.

"எந்தப் பக்கம் பாத்து மாட்டணும்?"

"கிழக்கு" என்றேன்.

வெயில் எந்த ஜன்னலில் வருகிறது என்று பார்த்து, கதவுக்குப் பக்கத்தில், என் கண் உயரத்துக்கு மாட்டினார். "உள்ளுக்குத் துணி நீ போட்டுக்க. என்னா துணின்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை.

ஒருநாள் சாயங்காலம் நல்ல மழை. வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து ஹார்ன் அடிக்கிறார், நான் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி ஏறிவிட்டேன். வீட்டு வாசலில் மாமியார் துண்டோடு நிற்கிறார். துண்டை என் தலையில் போட வந்தவர் என் வெறுங்கழுத்தைப் பார்த்தார். ஐயோ, அந்தக் கத்தலை என்சிக் ரஷீத் கேட்டிருந்தால் வேலையை விட்டே நீக்கியிருப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் இழவு விழுந்துவிட்டது என்று ஓடி வந்துவிட்டார்கள். யாருக்கு இழவு என்று பார்த்தால், அந்த ஆள், என் வீட்டுக்காரர், மழையில் நனைந்து கல்லு மாதிரி நிற்கிறார்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு அவரே போனார். பட்டறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்ததாம். என்சிக் ரஷீத் முக்காலியைப் பெட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்திருந்தாராம். பூட்டுவதற்கு முன்னால் ஒரு சுற்று வருகிறவர், பெட்டிக்குள் பார்த்திருக்கிறார்.

"வருவீங்கன்னு தெரியும் தம்பி. இத உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போக மனசு வரல. நான் தொடல. நீங்களே எடுத்துக்குங்க."

இதை என் வீட்டுக்காரர் வந்து மாமியாரிடம் சொன்னார். அந்த வாரமே மாமியார் தன் கல்யாணச் சேலையின் முந்தானையில் ஒரு துண்டு வெட்டி என் கையில் கொடுத்தார். மஞ்சள் பட்டு. "பொட்டிக்குள்ள போடு. வெறும் கட்டையில படக்கூடாது" என்றார். அன்றிலிருந்து சாயங்காலம் நான் வண்டியில் ஏறும்போது வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்காமல், "கழுத்து?" என்பார். "இருக்கு" என்பேன். அதற்குப் பிறகுதான் வண்டி கிளம்பும்.

இப்படியே வருடங்கள் ஓடின. வருடா வருடம் மாணவர்கள் பயிற்சிக்கு வருவார்கள். பெரும்பாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வருவார்கள். சிலை செய்யப் படிக்க வந்தவனிடம், எண்ணெய்த் துணியை மூடி போட்ட தகர டப்பாவில் போடு, மெஷின் பெல்ட்டைக் கழற்று என்று சொன்னால் பிடிக்குமா? எண்ணெய் ஊறிய துணியைக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்று சொன்னால் நம்பாமல் சிரிப்பார்கள்.

தர்ஷினி சிரிக்கவில்லை. "அப்பிடியாக்கா? தானாவா?" என்று கண்ணை விரித்தாள். அது எனக்குப் பிடித்துவிட்டது. கலும்பாங்கிலிருந்து வந்த பிள்ளை. அப்பா இல்லை. அம்மா ரவாங்கில் ஒரு ஃபேக்டரியில் வேலை. சிற்பம் படித்தாள். காது நல்ல காது, மெஷின் ஓடும்போதே, "அக்கா, இந்த சவுண்டு வேற மாதிரி இருக்கு" என்பாள், பார்த்தால் பேரிங் தேய்ந்திருக்கும். வாயும் என்னை மாதிரிதான், ஓயாது.

பயிற்சியின் கடைசி வாரத்தில் ஒரு தேர்வு உண்டு. தலைமை வளாகத்திலிருந்து மிஸ் லிம் வருவார். அவர் முன்னால் ஒரு மெஷினைப் பிரித்து, சுத்தம் செய்து, பூட்டி, ஓட்டிக் காட்ட வேண்டும். தர்ஷினிக்குக் கடைசல் மெஷின். அதில் தவறிவிட்டால் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும், படிப்பும் ஒரு பருவம் தள்ளிப்போகும். அம்மாவின் ஓவர்டைமில் படிக்கிற பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்லை.

அந்த வாரம் புதன்கிழமை. நான் அச்சு ரூமிலிருந்து பட்டறைக்குள் வருகிறேன். தர்ஷினி மஞ்சள் கோட்டுக்குள் நிற்கிறாள். கடைசல் மெஷின் ஓடுகிறது. அவள் இடது கையில் கையுறை. கையுறையின் வாயை மணிக்கட்டில் டேப் போட்டுச் சுற்றியிருக்கிறாள். அந்தக் கை, சுற்றுகிற கட்டைப் பக்கம் போகிறது.

சுற்றுகிற மெஷினில் கையுறை போடக்கூடாது என்பது முதல் நாளே சொல்கிற பாடம். தொண்டை வரைக்கும் கத்தல் வந்தது. விழுங்கினேன். என்னைப் பார்க்காத பிள்ளைக்குக் கையைக் காட்டிப் பயனில்லை. கதவோரத்தில் இருக்கிற சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்தினேன். மெஷின் முனகிக்கொண்டே நின்றது.

"கழட்டுடி அத."

கழற்றினாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் துண்டு. காப்பு.

"கோயில் திருவிழாக்கா. காப்புக் கட்டியாச்சு. ஞாயித்துக்கெழம பால்குடம் எடுத்து எறக்குனாத்தான் பூசாரி அவுப்பாரு." சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். "எனக்கு இந்தப் படிப்பு கெடைக்கணும்னு அம்மா வேண்டிக்கிட்டது. ரெண்டு வருசமா தள்ளிப் போயிருச்சு. பரீட்ச வெள்ளிக்கெழம. நான் என்னா பண்ணுவேன்?"

"அதுக்குக் கையுறை போடுவியா? கயிறு மாட்டினா அறுந்தாலும் அறுந்துடும். கையுறை மாட்டினா கைய விட்டுட்டா போகும்? உங்கம்மாவுக்கு நான் என்னத்தடி தூக்கிக் குடுக்கறது?"

எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில்தான். பாசத்தில் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் மேசை மேல் இருந்த கத்தரிக்கோலை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீங்களே வெட்டிடுங்கக்கா. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

என்னால் வாங்க முடியவில்லை. இத்தனை வருடம் தினமும் தாலியைக் கழற்றி மாட்டியவள்தான் நான். ஆனால் தாலியைச் சாயங்காலம் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். காப்பு அப்படியில்லை. நடுவில் வெட்டினால் நேர்த்திக்கடன் அதோடு போச்சு. அந்தத் தாய் இரண்டு வருடம் காத்திருந்தது போச்சு.

மெஷின் திடீரென்று நின்ற சத்தம் கேட்டு என்சிக் ரஷீத் வந்து கதவருகே நின்றிருந்தார். அவர் வந்து அவள் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி மேசை டிராயருக்குள் போட்டு மூடினார்.

"கயிறு கட்டுனது தப்பில்ல பிள்ளை. மறைச்சதுதான் தப்பு. நடந்தத மிஸ் லிம்முக்கு நான் சொல்லித்தான் ஆகணும்."

தர்ஷினி தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அவரை முறைத்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. கடைசல் மெஷினைச் சுற்றிக் கோட்டுக்கு வெளியே ஒரு நடை நடந்தார்.

"பிரிக்கிறது, தொடைக்கிறது, பெல்ட் மாட்டுறது எல்லாம் பூட்டு போட்டுத்தானே செய்யிற?"

அது எங்கள் மூன்றாவது சட்டம். மெஷினைப் பிரிக்கிறவர் மெயின் சுவிட்சை அணைத்து அதில் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். சாவி அவர் பையில்தான் இருக்கும். அவர் திறக்காமல் ஆண்டவனே வந்தாலும் மெஷினை ஓட்ட முடியாது.

"ஆமா" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"பூட்டுன மெஷினு யாரையும் இழுக்காது. காப்போட செய்யலாம். கடைசியா ஓட்டுறதுதான் பிரச்சன. அத வேற ஆளு ஓட்டட்டும். நீ கோட்டுக்கு வெளிய நின்னு ஓட்டுறவங்களுக்குப் பொறுப்பா இரு. எப்ப ஓட்டணும், எப்ப நிறுத்தணும், எல்லாம் நீ சொல்லு."

"மிஸ் லிம் ஒத்துக்குவாங்களா என்சிக்?"

"தெரியாது லா. கேப்போம்."

அப்போதே போன் போட்டார். கையுறையைப் பற்றியும் சொன்னார், காப்பைப் பற்றியும் சொன்னார், தன் யோசனையையும் சொன்னார். மிஸ் லிம், "வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு அச்சு ரூமில்தான் வேலை. மெஷின் வேலை இல்லை என்பதால், முடிந்ததும் கோயிலுக்குப் போகலாம் என்று சுடிதார் போட்டு, தலையில் பூ வைத்து, வளையல் எல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். பட்டறைச் சுவருக்கு அந்த வாரம் சாயம் அடித்திருந்ததால் பெட்டியையும் கழற்றி ஆபீஸ் ரூமில் வைத்திருந்தேன். தர்ஷினியின் தேர்வைப் பார்க்காமல் இருக்க முடியுமா? மெல்ல வந்து கோட்டுக்கு வெளியே ஓரமாக நின்றுகொண்டேன்.

மிஸ் லிம் உயரம் கம்மி, கண்டிப்பு அதிகம். முகத்தில் ஒன்றும் தெரியாது. தர்ஷினி சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தாள். காப்பு பளிச்சென்று தெரிந்தது. சுவிட்சை அணைத்தாள், பூட்டைப் போட்டாள், சாவியைப் பைக்குள் போட்டாள். பொத்தானை அழுத்திப் பார்த்து, மெஷின் செத்துக் கிடக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கோட்டுக்குள் காலை வைத்தாள். பிரித்தாள், துடைத்தாள், எண்ணெய் விட்டாள், புது பெல்ட்டை மாட்டி விரலால் அழுத்திப் பார்த்தாள், மூடியை முடுக்கினாள். ஒரு தவறு இல்லை. வெளியே வந்து பூட்டைத் திறந்தாள்.

"இப்போது ஓட்டிக் காட்டு" என்றார் மிஸ் லிம். மலாயில்தான் பேசினார்கள்.

"நான் உள்ளே போகக்கூடாது, மேடம். கையில் காப்பு இருக்கிறது. வேறொருவர் ஓட்டுவார், நான் சொல்கிறேன்."

என்சிக் ரஷீத் முன்னால் வந்தார். மிஸ் லிம் கையால் தடுத்தார். "நீங்கள் வேண்டாம். இவள் வாயைத் திறக்காமல் நின்றாலும் நீங்கள் சரியாகத்தான் செய்வீர்கள்." சுற்றிப் பார்த்து என்னைக் காட்டினார். "இவர் வேலை உடையில்கூட இல்லை. இவரை ஓட்ட வை. நீங்கள் இருவரும் அவளுக்கு எதுவும் சொல்லக்கூடாது."

எனக்குப் பயமாகிவிட்டது. கடைசல் மெஷின் எனக்குத் தண்ணி பட்ட பாடு. பயம் மெஷினைப் பற்றி இல்லை. என்னால் இந்தப் பிள்ளைக்கு ஏதாவது கெட்டுவிடக்கூடாதே என்ற பயம்.

"அக்கா, துப்பட்டா" என்றாள். எடுத்து வைத்தேன். "வளையலு." கழற்றினேன். "மோதிரம். பூவ எடுத்துட்டு முடியத் தூக்கிக் கட்டிக்குங்க." செய்தேன். மிஸ் லிம் பார்த்துக்கொண்டே இருந்தார். என் சுடிதார் கழுத்து உயரமானது. வெளியே ஒன்றும் தெரியாது. நான் கோட்டை நோக்கி நடந்தேன். தினமும் பெட்டியைத் தாண்டித்தான் கோட்டுக்குப் போவேன், பெட்டியைப் பார்த்ததும் கை தானாகக் கழுத்துக்குப் போகும். அன்று சுவர் வெறுமையாக இருந்தது. கோட்டை மிதிக்கும்போது நினைவு வந்திருக்குமா, வராதா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என்சிக் ரஷீத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாலி என் கழுத்தில் இருப்பது அவருக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்க முடியாது. பிறகு சொன்னார், இன்னும் ஒரு அடி வைத்திருந்தால் தேர்வாவது ஒன்றாவது என்று மெயினை அணைத்திருப்பேன் என்று.

தர்ஷினியின் வாய் திறந்து திறந்து மூடியது. அவள் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காப்புக் கட்டி விரதம் இருக்கிற கன்னிப்பெண். வெள்ளிக்கிழமை. பூவும் பொட்டுமாக வந்த ஒரு சுமங்கலியைப் பார்த்து, நாலு பேர் முன்னால், தாலியைக் கழற்று என்று சொல்ல வேண்டும். எந்த வீட்டில் அப்படிச் சொல்லப் பழக்கியிருப்பார்கள்?

கை உயர்ந்தது. காப்புக் கட்டிய கை. உள்ளங்கை விரிந்திருந்தது.

"அக்கா, நில்லுங்க." "உள்ள இருக்கறதயும்."

"எத?" என்றேன். நிஜமாகவே கேட்டேன்.

"கழுத்துல இருக்கறதக்கா."

கை கழுத்துக்குப் போனது. பிறகு கழற்றினேன். கழற்றிவிட்டுப் பழக்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பினேன். பெட்டி இல்லை. முதல் நாள் நின்ற மாதிரியே உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் தன் கைகளைப் பார்த்தாள், எண்ணெய்க் கை. போட்டிருந்த சட்டையிலேயே தேய்த்துத் துடைத்தாள். கோவிலில் திருநீறு வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள்.

"குடுங்கக்கா. நான் பத்திரமா வச்சிருக்கேன். நீங்க போங்க."

வைத்தேன். போனேன். அவள் சொன்னபோது ஓட்டினேன், வேகத்தைக் கூட்டச் சொன்னபோது கூட்டினேன். பெல்ட் புதுசு, மெஷின் பூனை மாதிரி உறுமியது. அவள் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டாள். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்த கையை மட்டும் எடுக்கவேயில்லை. நிறுத்தச் சொன்னாள். கட்டை முழுசாகச் சுற்றி நிற்கும்வரை, "இன்னும் இல்லக்கா, இன்னும் இல்ல" என்றாள். வெளியே வந்ததும் கொடுத்தாள். போட்டுக்கொண்டேன். அப்புறம் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம், அதைத் தேர்வில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அது என்ன என்று மிஸ் லிம் கேட்டார். என்சிக் ரஷீத் சொன்னார். மிஸ் லிம் என் கழுத்தைப் பார்த்தார். பிறகு தர்ஷினியிடம் கேட்டார். "அவர் கழுத்தில் அது இருப்பது எனக்குத் தெரியாது. நீ சொல்லாமல் இருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. ஏன் சொன்னாய்?"

"எனக்குத் தெரியுமே, மேடம்" என்றாள் தர்ஷினி.

கையுறைக்கு ஒரு எச்சரிக்கை. தேர்வில் பாஸ். அதைச் சொல்லும்போதும் மிஸ் லிம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போகும்போது மட்டும் என் வளையல்களை மேசையிலிருந்து எடுத்து அவரே என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் காடி ஓட்டிக்கொண்டு அந்தக் கோயிலுக்குப் போனோம். தர்ஷினி பால்குடம் எடுத்து இறக்கினாள். பூசாரி காப்பை அவிழ்த்ததும் அவள் அம்மா மணிக்கட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். திரும்பினால், கூட்டத்துக்குக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் என்சிக் ரஷீத் நிற்கிறார். உள்ளே வாங்க என்று கூப்பிட்டேன். "நான் கோட்டுக்கு வெளியதான் நிக்கணும் தங்கச்சி" என்று சிரித்தார். அந்த வருடக் கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். கோல சிலாங்கூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போன் செய்தால் இன்னும் தங்கச்சிதான்.

தர்ஷினி படிப்பை முடித்து, வேறு எங்கெங்கோ வேலை பார்த்து, நான் ஓய்வு பெற்றதும் அதே பட்டறைக்கு வந்துவிட்டாள். நேற்று இதை இவ்வளவு தூரம் எழுதி வைத்திருந்தபோது அவள் வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு, கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். எழுதியதைப் படித்தாள். படித்து முடித்துத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"பயிற்சிப் பிள்ளைங்களுக்குன்னு சொன்னது பொய்க்கா. நான் களிமண் ரூம்லயே சுத்திக்கிட்டு இருக்கேன், கல்யாணம் ஆனதுலேருந்து. எம்மாமியார் ரொம்ப நல்லவங்க. இதச் சொன்னா ஒடைஞ்சிடுவாங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவங்க தமிழ் நல்லா படிப்பாங்க."

கள்ளி! யாருக்காக எழுதுகிறேன் என்று தெரியாமலே எழுதியிருக்கிறேன். திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பெட்டியைக் கொண்டுவந்து வைத்ததும் அவள் அன்று மாதிரியே இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். எனக்குத் திட்ட வரவில்லை.

ஆகவே அம்மா, தர்ஷினியின் மாமியாரே, இந்த மிச்சம் உங்களுக்கு. பெட்டி உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. பலகை கெட்டியாக இருக்கிறது, கொக்கி கெட்டியாக இருக்கிறது. இத்தனை வருடம் அதில் மாட்டி எடுத்த என் தாலி என் கழுத்தில் இருக்கிறது. அந்த ஆளும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எழுதி முடித்தாயா, டீ போடு என்கிறார். உள்ளே இருந்த பட்டுத்துண்டை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். அது என் மாமியார் எனக்குக் கொடுத்தது.

உங்கள் மருமகளுக்குத் துணி நீங்கள்தான் போட வேண்டும்.